அஷ்டமியில் வளராத கால்

“வலது கால் கட்டை விரலைத் தூக்கு, பார்க்கலாம்” என்றேன்.

“தூக்கிட்டுத்தான மாமா இருக்கேன்” என்றாள் கலா.

விரல் அசையவே இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கம்பைநல்லூரில் என் அக்கா வீடு. கலா அக்காவின் ஒரே மகள். பி.காம். முடித்தவள். வாய் கொஞ்சம் நீளம், ஆள் குள்ளம். அன்று கட்டிலில் கிடந்தாள் — இரண்டு முழங்காலுக்குக் கீழேயும் இரும்பு வளையங்கள், வளையத்திலிருந்து எலும்புக்குள் போகும் கம்பிகள். முதல் தடவை பார்த்தபோது நான் தரையில் உட்கார்ந்தே விட்டேன்.

விபத்தா? அதெல்லாம் இல்லை. கல்யாணம்!

பொம்மிடியில் ஒரு வரன். பையன் நல்ல உயரம். பெண் பார்க்க வந்தவர்கள் பையனையும் கலாவையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்த்தார்கள். பையனின் அம்மா காபியைக் குடித்து முடித்துவிட்டு, “பொண்ணு லட்சணந்தாங்க. இன்னும் ரெண்டு அங்குலம் இருந்திருந்தா யோசிக்கவே வேணாம்” என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். ஜவுளிக்கடையில் துணி கேட்கிற மாதிரி!

வேறு வீடாக இருந்தால் அடுத்த வரனைப் பார்த்திருப்பார்கள். என் அக்கா பெங்களூருக்கு பஸ் ஏறினாள். லாரி மோதிக் கால் குட்டையாகிப்போன ஒருவருக்கு அங்கே ஒரு டாக்டர் காலை நீட்டிக் கொடுத்தார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ரஷ்யா பக்கத்திலிருந்து வந்த புது வைத்தியமாம்.

டாக்டர் முதலில் முடியாது என்றார். “நல்லா இருக்கிற காலை எதுக்கும்மா வெட்டணும்?” என்று விரட்டவே பார்த்தார். அக்கா விடுகிற ஆளா? அழுதாள், சண்டை போட்டாள், மறுபடியும் அழுதாள். கடைசியில் அவர் இறங்கி வந்தார். அப்போதும் கறாராகச் சொன்னார் — நானும் கூட இருந்தேன் — ஒன்றரை அங்குலம், அதற்கு மேல் கிடையாது.

“ரெண்டா குடுத்துடுங்க சார்” என்றாள் அக்கா.

“எலும்பை வெட்டி மெதுவா விலக்கினா நடுவுல புது எலும்பு வளரும்மா. நரம்பு அப்படியில்ல. அது இழுபடும், ஓரளவுக்குத்தான் தாங்கும். இன்னொண்ணு, நான் நீட்டறது முழங்காலுக்குக் கீழே மட்டும். தொடை அதே தொடை, கை அதே கை. இந்த உடம்புக்கு அளவு மீறினா பார்க்கவும் நல்லா இருக்காது, நடக்கவும் சிரமம்.”

அக்கா பயபக்தியோடு தலையை ஆட்டினாள். அவள் காதில் விழுந்தது ‘வளரும்’ என்பது மட்டும்தான்.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வளையத்தில் இருக்கும் நட்டுகளை ஒரு நாளைக்கு நாலு தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். நாள் முழுக்கச் சேர்த்து ஒரே ஒரு மில்லிமீட்டர். ஸ்பேனரை அக்கா யாரிடமும் தரவில்லை. தானே திருப்பினாள்.

“ஏங்க்கா, ஒழுங்காத்தான திருப்பின?” என்றேன், அசையாத விரலைப் பார்த்துக்கொண்டே.

“ஒண்ணுகூட கொறை வெக்கலடா. அஷ்டமி, நவமி ரெண்டு நாளும் தொடல. நல்ல காரியமாச்சே! நேத்து தசமி. நல்ல நேரம் பாத்து, விட்டது அத்தனையும் சேத்துத் திருப்பிட்டேன்.”

மூன்று நாள் இழுவை... ஒரே மூச்சில்!

“வலிக்குதும்மான்னு கத்துனேன் மாமா” என்றாள் கலா. “வளர்றப்ப வலிக்காதான்னு கேட்டாங்க. இப்ப வலியே இல்ல. பாதம் மரத்துப் போச்சு.”

வலி போனதை அக்கா நல்ல சகுனம் என்று நினைத்திருக்கிறாள்.

அரிசி மில்லுக்கு ஓடினேன். அங்கேதான் போன். ட்ரங்க் கால் புக் செய்துவிட்டு, மணி அடிக்காத அந்தக் கறுப்புப் பெட்டியை முறைத்துக்கொண்டு நின்றேன். லைன் கிடைத்ததும் டாக்டர் முழுசாகக் கேட்கக்கூட இல்லை.

“எதையும் தொடாதீங்க. இப்பவே கிளம்புங்க. நரம்பு செத்துட்டா பாதம் தொங்கிடும். அப்புறம் எத்தனை அங்குலம் வளர்ந்து என்ன பிரயோஜனம்?”

வாடகை அம்பாசடரின் பின்சீட்டில் கலாவைக் கிடத்தினோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வளையங்கள் குலுங்கின. கிருஷ்ணகிரி தாண்டியதும் அவள் மெதுவாகக் கேட்டாள்.

“மாமா, நான் நடப்பனா?”

“நடப்ப, சும்மா இரு” என்று அதட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு என்ன தெரியும்? பயத்தில் செத்துக்கொண்டிருந்தேன். அக்கா முன்சீட்டில் தன் வலது கையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஓசூர் தாண்டி செக்போஸ்ட்டில் லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. நான் இறங்கிப் போய் மல்லுக்கு நின்றேன். இந்தப் பத்தியில் எழுத முடியாத வார்த்தைகள் எனக்கு இவ்வளவு தெரியும் என்று அன்றுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நட்டுகளைப் பின்பக்கமாகத் திருப்பித் தளர்த்தினார். அக்காவைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. “இனிமே காத்திருக்கணும்” என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

காலையும் மாலையும் வந்து, “தூக்கும்மா” என்பார். கலா பல்லைக் கடிப்பாள். நெற்றியெல்லாம் வேர்க்கும். விரல் சும்மா கிடக்கும். அக்கா சாப்பாட்டைத் தொடவில்லை. “சாமி, எம்புள்ள குள்ளமாவே இருந்துட்டுப் போவட்டும்” என்று சுவரோரம் உட்கார்ந்து புலம்பினாள். இதைத்தானே நான் அப்போதே தலைபாடாக அடித்துக்கொண்டேன்? சொல்லிக் காட்ட வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை விரல் அசைந்தது. துளியூண்டு. டாக்டர் குனிந்து, “இன்னொரு தடவை” என்றார். மறுபடியும் அசைந்தது! அக்கா அவர் காலில் விழப் போனாள். அவர் விலகிக்கொண்டு, “இதோட நிறுத்தியாச்சு. எலும்பு கெட்டிப்படட்டும். இனிமே யாரும் நட்டைத் தொடக் கூடாது” என்றார்.

மொத்தத்தில் ஒரு அங்குலம்கூட முழுசாகத் தேறவில்லை.

அளவு, அளவு என்று எத்தனை பேர் பேசினோம்! வந்தவர்கள் ஒரு கணக்கு சொன்னார்கள், பெற்றவள் ஒரு கணக்கு போட்டாள். அந்தக் காலில் நிற்கப் போகிறவளிடம் எவ்வளவு வேண்டும் என்று ஒருவராவது கேட்டோமா? எனக்கும் தோன்றவில்லை, பாருங்கள்.

விஷயம் பொம்மிடிக்குப் போகாமல் இருக்குமா? போன வாரம் தரகர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். “அவங்க ரெண்டு அங்குலம்னு சொல்லியிருந்தாங்க... ஒண்ணுகூட வரலையாமேன்னு யோசிக்கிறாங்க.”

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“வேணாம்னு சொல்லிடுங்க. அந்த வூட்டு நெலவாசல் எனக்குத் தலையில இடிக்கும். நான் இப்ப உசரமாயிட்டன்ல!”