தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்ற வண்டி

சந்தனசாமியை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

மலாயாவில், தம்போய்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அப்போது நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஒரே அறை, அத்தாப்பு ஓலைக் கூரை, மழை வந்தால் பாடம் கிடையாது. அந்த அறையில் எனக்கு வாய்த்த கெட்டிக்காரப் பிள்ளை என்றால் அது சந்தனசாமியின் மகள் செல்வராணி ஒருத்திதான். அவளைத்தான் அந்த மனிதர் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய் ஜோகூர் பாருவில் ஒரு தனியார் இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்தார். கோபம் வராதா, சொல்லுங்கள்?

நேரே அவர் வீட்டு வாசலுக்கே போய்விட்டேன். "உம்ம மகளுக்கு நான் என்னய்யா குறை வச்சேன்?"

"குறை ஒண்ணுமில்லைங்க வாத்தியாரே. நீங்க தங்கமான மனுசன். ஆனா ஆஸ்பத்திரியில தமிழ் பேச ஆளில்லையே, அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

அவர் சொன்னது என்னவென்று தோட்டத்துக்கே தெரியும். அவருடைய மூத்த மகள் காய்ச்சலில் கிடந்தபோது, தோட்டத்து மாட்டு வண்டியிலேயே அவளைப் போட்டுக்கொண்டு பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இவர் சொன்னது அவர்களுக்கு விளங்கவில்லை. அவர்கள் கேட்டது இவருக்கு விளங்கவில்லை. பிள்ளை போய்விட்டாள். எதனால் போனாள் என்பதைக்கூட அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல அங்கே ஓர் ஆள் இல்லை. இளையவளை இங்கிலீஷ் படிக்கவைத்து நர்ஸாக்கிப் பார்ப்பது என்று அன்றைக்கு முடிவு கட்டியவர்தான்.

சந்தனசாமி எங்கள் தோட்டத்து வண்டிக்காரர். புகைபோட்ட ரப்பர் ஷீட்டுகளை ஏற்றிக்கொண்டு தினமும் ஜோகூர் பாரு ரயில் நிலையத்துக்குப் போவார். காய்ந்த உடம்பு, கழுத்தில் மாதா சுரூபம். மாடுகளைக்கூட அதட்டமாட்டார். "நடங்கய்யா, கொஞ்சம் எட்டி நடங்க" என்று மரியாதையாகத்தான் கேட்டுக்கொள்வார். அவர் மனைவி ராசம்மாவுக்குப் பால் ஸ்டோரில் வேலை. மரத்திலிருந்து வருகிற பாலை உறையவைத்து ஷீட்டாகப் போடுகிற இடம் அது.

அந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தை நடத்தியவர் மிஸ் பேட்ரிசியா என்ற மலாக்கா யூரேசியப் பெண்மணி. நல்லவர், கறாரானவர். தம் பங்களாவிலேயே பெண்பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தார். "மாசச் சம்பளம் கட்டினால் போதும்" என்று மாதா கோயிலில் பூசை வைக்க வந்த சாமியார்தான் சந்தனசாமிக்குச் சொன்னார். சாமியாருக்கென்ன, பிள்ளையா குட்டியா? சம்பளம் கட்டிய மறுநாளே மற்றதெல்லாம் வரிசையாக வந்து வாசலில் நின்றது. வெள்ளை கவுன். செம்மண் தோட்டத்தில் வெள்ளை கவுன் ஒன்று எந்த மூலைக்கு? வெள்ளை சப்பாத்து, காலுறை, தொப்பி. மிஸ்ஸின் பிறந்தநாளுக்குப் பரிசு. ராசம்மா கட்டிக்கொடுத்த சோறும் கருவாடும் மத்தியானம் தொடாமல் திரும்பி வந்தது. மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்களாம். அன்றிலிருந்து மகளுக்கு மட்டும் ரொட்டி. சந்தனசாமியின் ஞாயிற்றுக்கிழமைக் கள்ளு நின்றது. ராசம்மாவின் காதில் தோடு இருந்த இடத்தில் ஈர்க்குச்சி ஏறியது. இரண்டு பேரும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஆனால் இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற செலவு ஒன்று இருந்தது. அதை நான் தற்செயலாகத்தான் கண்டுகொண்டேன்.

ஒருநாள் பட்டணத்தில் வேலை இருந்ததால் அவர் வண்டியிலேயே ஏறிப்போனேன். ஷீட்டின் புகை நாற்றம் ஒட்டாமல் இருக்கச் செல்வராணிக்குத் துவைத்த வேட்டியை விரித்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கு முந்தின வளைவில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதனடியில் வண்டியை நிறுத்தி மகளை இறக்கிவிட்டார். பிள்ளை திரும்பிப் பாராமல் நடந்து போனாள்.

"பள்ளிக்கூடத்துக் கேட்டு அங்க இருக்கு, இங்க எதுக்கய்யா இறக்கறீர்?"

"மொத நாளு கேட்டுக்கே போனேங்க. காருல வந்த பிள்ளைங்க மாட்டைப் பாத்து ஒரே சிரிப்பு. எம்புள்ள தலையே நிமிரல. அதான், யாராச்சும் கேட்டா வண்டிக்காரருன்னு சொல்லிடு கண்ணுன்னு சொல்லி வச்சிருக்கேன்." என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார்: "பொய்யில்லையே வாத்தியாரே, நான் வண்டிக்காரந்தானே?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "பெத்த தகப்பன், உனக்கு ரோசமில்லையா?" என்று மரியாதையெல்லாம் விட்டுக் கத்தினேன்.

"இதுவும் சம்பளந்தான். கட்டித்தானே ஆகணும்?" என்றார் அவர்.

இந்த மனிதரை என்ன செய்வது? திட்டவும் முடியவில்லை, கும்பிடத்தான் தோன்றியது.

ராசம்மாவுக்கு ஒரு பயம் இருந்தது. ஒருநாள் என்னிடம் வாய்விட்டே சொன்னாள். "இப்ப அவரு சொல்லிக் குடுத்துச் சொல்லுது. நாளைக்கி நெசமாவே வண்டிக்காரருன்னு நெனச்சுட்டா? ஒருத்தியத்தான் மண்ணுக்குக் குடுத்தேன், இவள பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துடுவேனோ வாத்தியாரே?" சந்தனசாமிக்கும் அதே பயம்தான். என்ன, அவர் அதை மாடுகளிடம் மட்டும் சொல்லியிருப்பார்.

இப்படி இரண்டாம் வருஷமும் ஓடியது. பள்ளிக்கூடத்து ஆண்டுவிழா வந்தது. செல்வராணி மேடையேறி இங்கிலீஷ் பாட்டு ஒன்று ஒப்பிக்க வேண்டும். சப்பாத்தைத் திருப்பிப் பார்த்தால் அடியில் இரண்டு பெரிய ஓட்டை. புதிதாக வாங்க வீட்டில் வழியே இல்லை. ரப்பர் தோட்டத்து ஆட்களுக்கு வேறு என்ன தோன்றும்? ராசம்மா ஸ்டோர்க் கணக்குப்பிள்ளை கிராணியிடம் கேட்டு ஒரு குவளை ரப்பர் பால் வாங்கி வந்தாள். சந்தனசாமி உட்கார்ந்து சப்பாத்தின் அடியில் பூசினார். காயவைத்தார், மறுபடி பூசினார். அடி கெட்டியாக, அழகாக வந்துவிட்டது. பாலுக்குப் புகை போட்டால்தான் பிசுபிசுப்பு போகும் என்பது எங்கள் தோட்டத்தில் நண்டு சிண்டுக்கும் தெரியும். ஆனால் வெள்ளைச் சப்பாத்தைப் புகைக்கொட்டாயில் தொங்கவிட்டால் கருவாடு நிறத்தில் அல்லவா வெளியே வரும்? "வெயில்ல காஞ்சா போதும்" என்றார். மண் தரையில் நடந்து பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை.

"எனக்குப் பாஷை தெரியாது, கூட வாங்க வாத்தியாரே" என்று கெஞ்சி என்னையும் விழாவுக்கு அழைத்துப் போனார். ராசம்மாவுக்கு அன்று ஸ்டோரில் வேலை. உள்ளே நாற்காலிகள் கிடந்தன. இவர் வராந்தாவைத் தாண்டமாட்டேன் என்றுவிட்டார். ஜன்னலுக்கு வெளியே நின்றோம். விழாவுக்கென்று பலகைத் தரைக்கு மெழுகு போட்டு முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்து வைத்திருந்தார்கள். புகை காணாத பால் இந்தத் தரையை விடுமா?

செல்வராணியின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து நடந்தாள். பச்சக். பச்சக். ஒவ்வோர் அடிக்கும் சத்தம். முன்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. கூடத்தின் நடுவில் வந்ததும் வலது கால் வரமாட்டேன் என்றுவிட்டது. இழுத்தாள். இடது காலும் ஒட்டிக்கொண்டது. கூடம் முழுக்கச் சிரித்தது.

"மாதாவே!" சந்தனசாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நான் போயிடறேன் வாத்தியாரே. என்னைப் பாத்தா பிள்ளை இன்னும் குறுகிப்போயிடும்." திரும்பியவரின் சட்டையை எட்டிப் பிடித்தேன். "அசையாதீர்!"

செல்வராணி குனிந்தாள். வார்களை அவிழ்த்தாள். சப்பாத்து இரண்டையும் நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு மேடையேறி, பாட்டை முழுக்க ஒப்பித்தாள். ஒரு சொல் தடுக்கவில்லை. அடடா, என் மாணவியல்லவா! கைதட்டல் ஓயும்போது மிஸ் பேட்ரிசியா இறங்கி வந்து சப்பாத்தை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். "அலமாக்!" என்று வாயில் கைவைத்தாள் முன்வரிசைச் சீன நோன்யா அம்மா ஒருத்தி.

"யார் செய்த வேலை இது?" என்று மிஸ் இங்கிலீஷில் கேட்டார். செல்வராணி ஜன்னல் பக்கம் கையை நீட்டினாள்.

"உன் வண்டிக்காரரா?"

அவள் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். எனக்கு விளங்கியது. பக்கத்தில் இருந்தவருக்கு விளங்கவில்லை. அன்று ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் நின்றிருப்பார் போலிருக்கிறது, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எம்புள்ள என்ன சொல்லுது வாத்தியாரே? சொல்லுங்க!"

வாத்தியாராகி என்ன பிரயோசனம், ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. மேடையிலிருந்து செல்வராணி அவர் முகத்தைப் பார்த்தாள். விளங்கவில்லை என்று கண்டுகொண்டாள். துரைமார், சீமாட்டிகள் அத்தனை பேர் தலைக்கும் மேலாக, எங்கள் தோட்டத்து லயத்துத் தமிழில், உரக்கக் கூவினாள்:

"அப்பா! வண்டிக்காரரு இல்ல, எங்க அப்பான்னு சொன்னேம்ப்பா!"

சந்தனசாமி அந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். மிஸ்ஸே வராந்தாவுக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

செல்வராணி நர்ஸ் உடுப்புப் போட அப்புறம் பல வருஷம் ஆயிற்று. எனக்கு அதைவிட மறுநாள் காலைதான் ஞாபகத்தில் நிற்கிறது. வேண்டுமென்றே நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். தூங்குமூஞ்சி மரம் வந்ததும் மாடுகள் வழக்கம்போல நின்றுவிட்டன. சந்தனசாமி கீழே இறங்கி அவற்றின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"நடங்கய்யா. இன்னிலேருந்து கேட்டு வரைக்கும் போகணும்."