தொண்டிப் படகும் மதுரை ரோடும்

படகுத் தொழிலில் தண்ணீரில் போவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. தண்ணீர் வரைக்கும் போய்ச் சேருவதுதான் வித்தை. கடலோரத்துக்காரர்களுக்கு இது புரியாது. ஆரப்பாளையத்தில் குடியிருந்துகொண்டு, வருஷத்தில் பெரும்பாலும் மணலாகவே கிடக்கும் வைகையைப் பார்த்தபடி படகு வைத்திருந்தவனுக்குத்தான் புரியும். வாசலை அடைக்கிற சாமான் ஒன்றை வைத்துக்கொண்டு, அதை நகர்த்த வழி தெரியாமல் நீங்களும் முழித்திருக்கிறீர்களா? அப்படியானால் வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

அந்தப் படகை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை. கல்யாணச் சீராக வந்தது. என் மனைவி நாகம்மாள் தொண்டிக்காரி. அவளுடைய அப்பா அங்கே படகு கட்டுகிறவர். ஊரில் மற்ற மாமனார்கள் கட்டிலும் பீரோவும் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் தன் கையால் செய்த சின்னப் படகு ஒன்றைக் கொடுத்தார். கொடுக்கும்போதே கறாராகப் பேசிவிட்டார். மரப்படகு வெயிலில் காய்ந்தால் பலகை சுருங்கி இடுக்கு விட்டுவிடுமாம். பிறகு அது விறகுதானாம். "வருஷம் ஒரு தடவையாச்சும் தண்ணியில எறக்கிருங்க மாப்ள. எறக்கலேன்னு தெரிஞ்சா நானே வந்து தூக்கிட்டுப் போயிருவேன்" என்றார். சொன்னதைச் செய்கிற மனுஷர்.

நாகம்மாளுக்கு அந்தப் படகுதான் பிறந்த வீடு. அக்கம்பக்கத்தாரோடு பேசும்போதுகூட அதன் விளிம்பில் ஒரு கை இருக்கும். அது போய்விட்டால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்கு உள்ளுக்குள் பயம். அதனால்தான் நெல் மண்டியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான் மழைக்காலத்தில் படகுக்காரன் ஆனேன். எந்தக் கண்மாய் நிறைந்தாலும் அங்கே கொண்டுபோய் இறக்கி, ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுவேன். தூரம் என்னவோ கொஞ்சம்தான். எதில் கட்டி இழுப்பது என்பதுதான் வருஷா வருஷம் வந்து நிற்கிற கேள்வி.

ஜோடிக் காளை

முதல் வருஷம் எங்கள் தெரு சோணையின் மாட்டு வண்டி. காளைகள் இரண்டும் பார்க்க லட்சணமாக இருக்கும். மாடக்குளம் கண்மாய்க்கரை வரை மாப்பிள்ளை அழைப்பு மாதிரி போனோம். அங்கே போன பிறகுதான் விஷயமே தெரிந்தது. படகை இறக்க வேண்டுமானால் வண்டியின் பின்பக்கம் தண்ணீருக்குள் போக வேண்டும். அதாவது காளைகள் பின்னால் நடக்க வேண்டும்.

சோணை கொஞ்சினான், திட்டினான், மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தான். இரண்டும் கல்லாக நின்றன. கடைசியில் கரையில் நின்றவர்களைக் கும்பிட்டுக் கூப்பிட்டு, படகைத் தோளில் சுமந்து இறக்கினோம். சுமந்தவர்கள் எல்லாரும் சும்மா சவாரி கேட்டார்கள். நாகம்மாள் "கூட்டம் போகட்டும், அப்புறம் ஏறிக்கிறேன்" என்று கரையில் உட்கார்ந்தாள். கூட்டம் போகும்போது இருட்டிவிட்டது. அவள் ஏறவே இல்லை. சோணை மட்டும் வண்டியைப் பூட்டிக்கொண்டே சமாதானம் சொன்னான்: "கோவிச்சுக்கிராதீக அண்ணே. எம் மாடு முன்னால போறதுக்கு மட்டுந்தேன் படிச்சிருக்கு."

ஜட்கா

அடுத்த வருஷம் கொஞ்சம் மூளையைச் செலவழித்தேன். படகுக்கு அடியில் பழைய சக்கரம் இரண்டைப் பூட்டி, காதர் பாயின் ஜட்காவுக்குப் பின்னால் கட்டினேன். வேண்டிய இடத்தில் அவிழ்த்துவிட்டு நாமே தண்ணீருக்குள் தள்ளிக்கொள்ளலாம் பாருங்கள். வண்டியூர்க் கண்மாய்க்குப் புறப்பட்டோம். சிம்மக்கல் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அங்கே ஒரு மேட்டில் ஏறி இறங்கியபோது படகு கிறீச்சென்று கத்தியது. குதிரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. தன்னை ஒரு படகு துரத்துகிறது என்று அதற்குத் தோன்றிவிட்டது போலிருக்கிறது.

பாய் "யா அல்லா, யா அல்லா" என்று கூவ, குதிரை பறக்க, நான் பின்னால் ஓட, ரோட்டில் படகு ஓடுவதைப் பார்த்த ஜனங்கள் வைகையில் வெள்ளம் வந்துவிட்டதென்றே முடிவு செய்துவிட்டார்கள். படுக்கையைச் சுருட்டினார்கள், மூட்டையைத் தூக்கினார்கள். ஒரு காப்பிக் கடைக்காரர் பால் பானையோடு மாடியேறிவிட்டார். குதிரை களைத்து நின்ற பிறகு நான் ஒவ்வொரு கடையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தேன். காப்பிக் கடைக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்: "வெள்ளமே இல்லையா? அப்ப நான் எதுக்குய்யா எரியிற அடுப்புல தண்ணிய ஊத்துனேன்?"

கரி பஸ்

யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. பஸ்ஸெல்லாம் பின்னால் ஒரு கரி அடுப்பைச் சுமந்துகொண்டு, அந்தப் புகையில் ஓடின. வாடிப்பட்டி போகும் பஸ் டிரைவர் எனக்குப் பழக்கம். வழியில் ஒரு கண்மாய் நிறைந்து கிடக்கிறது, அதுவரை இழுத்துத் தருகிறேன் என்றார். இயந்திரத்துக்குக் காளையின் பிடிவாதம் கிடையாது, குதிரையின் பயமும் கிடையாது என்று சந்தோஷமாகக் கட்டிவிட்டேன்.

மேடு வந்ததும் பஸ் மூச்சு வாங்கி நின்றது. அந்தக் காலத்தில் பயணிகள் இறங்கித் தள்ளுவது சகஜம்தான். ஆனால் படகையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருந்ததே! பத்தாததற்கு அடுப்பிலிருந்து கங்கு தெறித்துப் படகின் விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகிப்போனது. வீட்டுக்கு வந்ததும் நாகம்மாள் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸைத் தள்ளிய ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வேட்டியை உதறிக்கொண்டு கேட்டது வேறு காதில் நின்றது: "டிக்கெட் எடுத்தது பஸ்ஸுக்கு. படகைத் தள்ளுறது எந்தச் சட்டத்துலய்யா இருக்கு?"

எருமைக்கடா

மூன்று வண்டியும் பொய்த்துப்போன பிறகு ஒரு வருஷம் படகு வாசலிலேயே கிடந்தது. நாகம்மாள் தினமும் காலையில் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து அதற்குள் ஊற்றி, பலகை காயாமல் பார்த்துக்கொண்டாள். தெருவே சிரித்தது. அவள் சட்டை செய்யவில்லை. தீபாவளி கழிந்து, கண்மாய்கள் நிறைந்திருந்த சமயத்தில், மாமனார் வந்து இறங்கினார். படகைச் சுற்றி வந்தார். கருகின இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். "கருவாட்டு வண்டி ஒண்ணு நாளைக்குக் காலையில வெறுமனே தொண்டிக்குத் திரும்புது. அதுல ஏத்திருவோம் மாப்ள" என்றார். நாகம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

இன்று ஒரு நாள் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அலைந்தேன். காளைகள் எல்லாம் உழவுக்குப் போயிருந்தன. அகப்பட்டது கல் இழுக்கிற வீரணனின் கட்டை வண்டி ஒன்றுதான். தரையோடு தரையாக இருக்கும். அதில் பூட்டியிருந்தவை இரண்டு எருமைக்கடாக்கள். எமனுடைய வாகனத்தில் சீர்ப் படகை ஏற்றுவதா என்று மனசு அடித்துக்கொண்டது. வேறு கதியில்லை, ஏற்றினோம். "கல்லவிடவா கனம்? நீங்களும் ஏறி உக்காருங்க" என்று வீரணன் சொல்ல, மாமனாரும் நாகம்மாளும் படகிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். நானும் வீரணனும் நடந்தோம். சமணர் மலை அடிவாரத்தில், கீழக்குயில்குடிக் கண்மாய் கரை தளும்பக் கிடந்தது.

வண்டியை எப்படித் திருப்புவது, யாரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள், கடாக்கள் தண்ணீரைப் பார்த்துவிட்டன. அவ்வளவுதான். அதட்டவும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். வண்டியோடு, படகோடு, என் மாமனாரோடு, நேராக உள்ளே நடந்தன. முழங்கால் போயிற்று, வயிறு போயிற்று, கழுத்து மட்டும் தெரிந்தது. மாமனார் பாய்ந்து, படகை வண்டியோடு கட்டியிருந்த கயிற்று முடிச்சை அவிழ்த்தார். படகு தானாக வண்டியிலிருந்து எழும்பி மிதந்தது. இத்தனை வருஷமாக நான் தேடின வண்டி இதுதான்!

வீரணன் நீந்திப் போய்க் கழுத்துப் பூட்டாங்கயிற்றை அவிழ்த்துவிட, கடாக்கள் ஆழமில்லாத பக்கமாக ஒதுங்கிச் சுகமாகப் படுத்துவிட்டன. படகில் மாமனார் குனிந்து ஒவ்வொரு இடுக்காகப் பார்த்தார். ஒரு பொட்டு ஒழுகவில்லை. அவர் மகளைப் பார்த்தார். அவள் அதற்குள் துடுப்பை எடுத்திருந்தாள். அவள் துடுப்புப் போட்டு நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் தண்ணீர் சுமந்தே பழகிவிட்டவள் அன்றைக்குத் தண்ணீர்மேல் போனாள், கல்யாணத்துக்கு முன்னால் எப்படிச் சிரித்திருப்பாளோ அப்படிச் சிரித்துக்கொண்டு. கரைப்பக்கம் படகு வந்தபோது மாமனார் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்தக் கருவாட்டு வண்டிய வெறுமனேயே போகச் சொல்லிருங்க மாப்ள."

பொழுது சாய்ந்தது. திரும்ப வேண்டுமே! கடாக்கள் எழுந்தால்தானே? வீரணன் கெஞ்சினான், கல்லை விட்டெறிந்தான். மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு அவை அசைபோட்டன. நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குச்சியோடு இறங்கினேன். நடுக்கண்மாயிலிருந்து நாகம்மாளின் குரல் வந்தது: "ஏங்க, அதுகள வெரட்டாதீக. இன்னுங் கொஞ்ச நேரம் கெடக்கட்டும்."

ஆகவே, படகு இழுக்க வண்டி தேடும் அன்பர்களே, பலமெல்லாம் இரண்டாம்பட்சம், தண்ணீர்மேல் ஆசை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் பூட்டுங்கள், வீட்டுக்கு நடந்தே திரும்பவும் தயாராக இருங்கள்.