எண்ணெய்க் கேனில் ஒரு கோடு

களக், களக் என்று அது பேசிக்கொண்டே வந்தது. ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஏதாவது ஒன்றை ஊற்றி, ஒயர்க்கூடைக்குள் வைத்து, முதுகில் பள்ளிக்கூடப் பையும் தொடையில் இடிக்கிற கூடையுமாகக் காட்டுமன்னார்கோயில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து பாருங்கள், நான் சொல்லும் சத்தம் உங்களுக்கும் கேட்கும். கேனின் மேல் எண்ணெய்க் கம்பெனியின் சீட்டு பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் எங்கள் ஊரில் "மல்லாட்டை" என்று சொல்கிற வேர்க்கடலையின் படம் போட்டிருக்கும். உள்ளே இருந்ததோ என் அப்பாவின் மூத்திரம். முந்தின நாள் காலை ஆறு மணியிலிருந்து அன்று காலை ஆறு மணி வரை அவருடைய உடம்பு வெளியே தள்ளிய மொத்தமும், ஒரு சொட்டு வீணாகாமல். ஒரு சொட்டு வீணாகாமல் என்று நான் பெருமைப்பட்டுக்கொள்ள முடிந்தது குமராட்சி வரைக்கும்தான்.

அப்போது நான் சிதம்பரத்தில் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். இரட்டைச் சடை, எண்ணெய் வழியும் முகம், வாயைத் திறந்தால் பொய். வீட்டில் எது தொலைந்தாலும், எது உடைந்தாலும் விசாரணை என்னிடம்தான் தொடங்கும், பெரும்பாலும் என்னிடமே முடிந்தும் விடும். அதனால்தான் கொல்லைக் கக்கூஸின் சிமெண்டுத் தரையில் காலை வேளைகளில் வெள்ளை வெளேரென்று நுரை நிற்பதைப் பார்த்த அம்மா, "சோப்புத்தூள இன்னாத்துக்குடி அங்க போயி கொட்டற?" என்று முதுகில் இரண்டு வைத்தாள். பப்பாளிக் காம்பில் குமிழி விடுவதற்காகச் சோப்புத்தூள் திருடிய பழைய வழக்கு ஒன்று என்மேல் இருந்தது, எனவே நானும் வாங்கிக்கொண்டேன். மூன்றாம் நாள் அப்பா வெளியே வந்த கையோடு அம்மா உள்ளே போனாள். வாளித் தண்ணீரை ஊற்றும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அன்றிலிருந்து நுரைக்காக அவள் என்னை அடிக்கவில்லை. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

அப்பாவுக்கு ரைஸ் மில்லில் வேலை. அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, வெயில் ஏற ஏறக் காலாலேயே துழாவி விடுவார்கள். நாள் முழுக்க வெறுங்காலோடு அந்தச் சிமெண்டில் நடந்த கால்கள் சாயங்காலம் வீங்கியிருப்பதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. ஆனால் காலையிலும் வீங்கியிருந்தன. கணுக்காலுக்கு மேலே என் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தால் அங்கே ஒரு குழி விழும், மெதுவாக, யாரோ உள்ளேயிருந்து நிரப்புவதுபோல மேலே வரும். நான் அதற்குப் "பல்லாங்குழி" என்று பெயர் வைத்தேன். வரிசையாக ஏழு குழி போட்டு, முதல் குழி மறைவதற்குள் ஏழாவதைப் போட்டுவிடுகிறேனா என்று பந்தயம் கட்டுவேன். அப்பாவும் சிரித்துக்கொண்டு காலை நீட்டிக்கொடுப்பார்.

சிதம்பரத்து டாக்டர் சிரிக்கவில்லை. மில்லில் வேலை செய்கிறவருக்குப் புரியும்படி அவர் சொன்னதை அப்பா வீட்டில் வந்து அப்படியே நடித்துக் காட்டினார். "கிட்னின்னா சல்லடை மாதிரி. தவிடு வெளிய போவணும், அரிசி உள்ள நிக்கணும். உனுக்குச் சல்லடை கிழிஞ்சி அரிசியும் சேந்து போவுது, அதான் நுரை." அங்கேயே ஒரு நாள் படுக்கவைத்து மூத்திரத்தைப் பிடித்து அரிசி எவ்வளவு போகிறது என்று ஓர் எண் எடுத்தார், மாத்திரை கொடுத்தார், உப்பை நிறுத்தினார். ஒரு மாதம் கழித்து மறுபடி ஒரு நாள் மூத்திரம் முழுவதையும் வீட்டிலேயே பிடித்து லேபில் கொடுக்க வேண்டும், அப்போதும் அரிசி போவது குறையவில்லையென்றால் பாண்டி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார், அங்கே முதுகில் ஊசி விட்டுக் கிட்னியிலிருந்து துளி சதையை எடுத்துப் பார்த்துத்தான் வேறு மருந்து தொடங்க முடியும். முதுகில் ஊசி என்கிற இடம் வந்ததும் அப்பாவின் நடிப்பு நின்றுவிட்டது.

அந்த ஒரு நாள் அப்பா லீவு போட்டு, வீட்டுக் காவலில் இருப்பவரைப் போலக் கொல்லைக்கும் கூடத்துக்கும் நடந்தார். மறுநாள் காலை கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மூட்டைக்கு நம்பர் போடுகிற கறுப்பு மையால் மட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். "ரெண்டு லிட்டரு. கோட்டுக்கு ஒரு நூலு கொறையாம குடுத்துடு பாப்பா." களத்தில் முந்தின நாள் நெல் கிடந்தது, அம்மாவுக்கு நடவு. நான்தான் தினமும் சிதம்பரம் போகிறவள்.

பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெரியம்மா உட்கார்ந்தாள். கேனைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், உள்ளே பொன்னிறமாக ஆடுவதைப் பார்த்தாள்.

"மல்லாட்ட எண்ணெயா பாப்பா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மருந்துத் தண்ணி என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் அடக்க முடியாத ஒரு சிரிப்பு என் வயிற்றுக்குள் புரண்டது.

"ஆமா பெரிம்மா. எங்க அப்பாவே எறக்குனது."

"கலப்படம் இல்லியே?"

"ஒரு சொட்டு கெடையாது. நேத்து பூரா ஒக்காந்து எறக்குனாரு."

"கடையில எல்லாத்துலயும் பாமாயிலுதான். எங்க, மோந்து பாத்துட்டுத் தரேன்" என்று அவள் கூடையிலிருந்து கேனை மடிக்கு இழுத்ததும், மூடியைத் திருகியதும், நான் "வேணாம் வேணாம்" என்று பாய்ந்ததும், குமராட்சி வளைவில் ஆடுகளுக்காக டிரைவர் பிரேக் போட்டதும் ஒரே நேரத்தில் நடந்தன. நான் கேனைப் பிடுங்கி நிமிர்த்துவதற்குள் இருந்ததில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அவளுடைய புடவையிலும் பஸ்ஸின் தரையிலும் போய்விட்டது. அவள் ஈரமான விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தாள். பிறகு மூக்கருகே கொண்டுபோனாள். "இன்னாடி எண்ணெ இது, பிசுக்கே இல்ல?" என்று அவள் கேட்டபோது நான் வீராணத்து வாய்க்காலை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்ப்பவளைப் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நிறுத்தத்தில் அவள் திட்டிக்கொண்டே இறங்கிப்போனாள். அந்தத் திட்டுகளை இங்கே எழுத முடியாது, ஆனால் ஒன்றுகூடப் பொய்யில்லை.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கேனைப் பார்த்தேன். கறுப்புக் கோடு மேலே தனியாக நின்றது. முதலில் குழாய்த் தண்ணீரைத்தான் நினைத்தேன். ஆனால் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் ஒரு கண்ணாடிக் கருவியைப் பாலுக்குள் மிதக்க விட்டு, யார் எவ்வளவு தண்ணீர் கலந்தார்கள் என்று எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொல்வார்கள். பாலுக்கே கருவி இருக்கும்போது லேபில் இருக்காதா? தண்ணீர் கலந்தால் மாட்டிக்கொள்வோம், மூத்திரத்தோடு மூத்திரம் கலந்தால் எந்தக் கருவிக்குத் தெரியும்? அதிலும் நான் யார், அவருடைய சொந்தப் பெண், ஒரே ரத்தம். இதைவிட நேர்மையான வழி இருக்க முடியாது என்று அந்த ஏழாம் வகுப்பு மூளை தீர்ப்பு எழுதியது.

குழாயில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தேன். பஸ் ஸ்டாண்டுக் கட்டணக் கழிப்பறைக்குக் கேனோடு உள்ளே போனேன், வெளியே வந்தேன், மறுபடி குடித்தேன், மறுபடி போனேன். மூன்றாம் தடவை வாசலில் உட்கார்ந்திருந்த அக்கா, "இன்னா பாப்பா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள். "எனக்கில்லக்கா" என்றேன். கோட்டுக்கு இன்னும் ஒரு விரற்கடை குறைந்தது. உடம்பு இதற்குமேல் தராது என்று கைவிரித்துவிட்டதால் கடைசி விரற்கடையைக் குழாயில் பிடித்தேன். லேபில் இருந்தவர் கோட்டைப் பார்த்து, டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து, வாங்கி உள்ளே வைத்துவிட்டார். எந்தக் கருவியும் கத்தவில்லை. பள்ளியில் இரண்டு பீரியடு போய்விட்டிருந்தது, பெஞ்சுமேல் ஏறி நின்றேன்.

இரண்டு நாள் கழித்து அப்பா டாக்டரிடம் போய்விட்டு வந்தார். சைக்கிள் மணி தெருமுனையிலேயே ஒலித்தது. "ஏறக்கொறைய பாதியா எறங்கிடிச்சி! மாத்தர நல்லா வேல செய்யிதாம், இதையே சாப்பிடச் சொல்லிட்டாரு, பாண்டியும் கெடையாது ஊசியும் கெடையாது, ரெண்டு மாசம் கழிச்சி வந்தா போதுமாம்." கையில் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் இருந்தது. அம்மா முதலில் வேண்டாமென்றாள். பிறகு அடுப்படியில் யாருக்கும் தெரியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே குழம்பு வைத்தாள். ஒரு மாதமாக உப்பில்லாச் சோறு தின்ற மனிதர் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டார். "பாப்பாவுக்கு இன்னொரு கரண்டி போடு, அது கை ராசியான கை" என்றார். அந்த ராசியான கையை நான் சோற்றுக்குள் புதைத்து வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பல்லாங்குழி விளையாட்டாக இல்லை. தினமும் சாயங்காலம் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து ஒரே ஒரு குழி போடுவேன், அது நிரம்பும் வரை மனசுக்குள் எண்ணுவேன், வீக்கம் ஏறினால் எண்ணும் ஏறும். முதல் வாரம் ஏழு எண்ணும்போது குழி நிரம்பியது. பிறகு பத்து. பதின்மூன்று. என் பொண்ணு தினமும் கால் அமுக்கி விடுகிறாள் என்று அப்பா மில்லில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் அந்த ரிப்போர்ட்டை யாரிடமாவது காட்டிக்கொண்டிருப்பார். கொல்லையில் நுரை பழையபடி நின்றது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "டாக்டரே கொறஞ்சிடிச்சின்னுட்டாரே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தண்ணீரை ஊற்றினாள். பதினேழு. பத்தொன்பது. இரண்டு மாதம் முடியப்போகிற ஒரு காலையில் அப்பா கண்ணாடியைப் பார்த்து, "இன்னாடி இது, போண்டாவுக்கு மீச வச்ச மாதிரி கீறேன்?" என்று சிரித்தார். முகம் உப்பி, கண்கள் இரண்டு கீறல்களாக இருந்தன. முந்தின நாள் சாயங்காலம் நான் இருபத்திரண்டு எண்ணியிருந்தேன்.

அன்று பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நேராக மில்லுக்குப் போனேன். அப்பா களத்தின் நடுவில் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார். எரிகிற சிமெண்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்துபோய், அவர் முன்னால் நின்று, பெரியம்மாவிலிருந்து கடைசி விரற்கடைக் குழாய்த் தண்ணீர் வரைக்கும் சொன்னேன். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

"அடிப்பாவி. உன் கிட்னிக்காடி நான் கருவாடு தின்னேன்?"

நான் அழ ஆரம்பித்ததும், "கால் சுடுது பாரு, நெல்லு மேல நில்லு" என்றார்.

இரண்டாம் கேனை அவரே கொண்டுபோனார், நான் கூடப் போனேன். இந்தத் தடவை வந்த எண், மாத்திரை தொடங்குமுன் வந்ததைவிடவும் ஜாஸ்தி. டாக்டர் பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் மாற்றி மாற்றிப் பார்த்து, போன முறை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "நான்தான் சார். கை தவறி கொட்டிட்டு, தண்ணிய ஊத்தி ரொப்பி வச்சிட்டேன். பாப்பாவுக்கு ஒண்ணுந் தெரியாது." டாக்டர் கத்தியது வெளியே வரிசையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. இரண்டு மாதம் போச்சே, படிக்காதவர் மாதிரி செய்திருக்கிறீர்களே என்றார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்றே டாக்டர் பாண்டிக்கு எழுதிக் கொடுத்தார், அங்கே முதுகில் ஊசியும் போட்டார்கள், வேறு மருந்தும் தொடங்கினார்கள். அந்த இரண்டு மாதம் முன்னால் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிற்பாடு நான் நான்கு டாக்டர்களிடம் கேட்டிருக்கிறேன். நான்கு பேருமே மேஜைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்துவிட்டு, சொல்ல முடியாதும்மா என்றார்கள்.

சல்லடை கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்துகொண்டுதான் இருந்தது. நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தபோது கிட்னி வேலை செய்வது முழுவதுமாக நின்றது. திருப்பாதிரிப்புலியூரில் அத்தை வீட்டில் தங்கிக்கொண்டு, கடலூர் ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு இரண்டு நாள் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார் அப்பா. ஒரு நாள் அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் கிட்னியில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்துவைத்திருந்த பேச்சு அது, இரண்டாவது வரியைத் தாண்டவிடவில்லை அவர்.

"அதான் ஏழாவது படிக்கிறப்பவே குடுத்துட்டியேடி. ரெண்டு மாசம் நல்லா வேல செஞ்சிதே, போதும்."

ஊசி செருகிய கையை அசைக்காமல், மற்றக் கையால் என் தலையில் ஒரு குட்டு வைத்தார். அதற்கப்புறம் மூன்று வருடம் இருந்தார். கேட்கும்போதெல்லாம் அதே பதில்தான்.

இப்போது அந்த லேபில் கேன் கேட்பதில்லை. காலை மூத்திரம் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கிண்ணம் போதும், அதிலேயே எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். களக் களக் என்று ஒருவரின் ஒரு நாளைத் தூக்கிக்கொண்டு யாரும் பஸ் ஏற வேண்டியதில்லை. மில் களத்தின்மேல் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. அப்பாவுக்கு இருந்தது பிள்ளைகளுக்கும் வரலாம் என்பதால் வருஷத்துக்கு ஒருமுறை நானும் அந்தக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறேன், எதுவும் இல்லை என்றுதான் இதுவரை எழுதித் தருகிறார்கள். இருந்தாலும் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து உட்கார்ந்ததும் என் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. விரலை எடுத்து ஒன்று என்று சொல்லி முடிப்பதற்குள் குழி மறைந்துவிடுகிறது. மறைந்த பிறகும் எண்ணுவதை நிறுத்த வருவதில்லை. இருபத்திரண்டு வரை எண்ணிவிட்டுத்தான் புடவையைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்கிறேன்.