மூன்று கரண்டி மாட்டிறைச்சி

என் வாயில் முதன்முதலாக மாட்டிறைச்சி பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்பா கையில் காப்புக் கட்டி அன்று நான்காம் நாள். எனக்கு அப்போது பத்து வயது.

மலேசியாவில், பெடாஸ் ஊரிலிருந்து நாலு மைல் உள்ளே இருந்தது எங்கள் தோட்டம். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்ப் பனை நட்டு வெகுநாளாகியிருந்தது. தோட்டத்து வேலையாட்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் பாதிக்கு மேல் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் இருந்தார்கள். தமிழர் வீடுகள் ஒன்பதோ பத்தோதான் மிச்சம். ஆனாலும் மாரியம்மன் திருவிழா நின்றதில்லை, அப்பா தீ மிதிப்பதும் நின்றதில்லை. மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்ட நாள் முதல் பதினோராம் நாள் தீமிதி வரைக்கும் எங்கள் வீட்டில் முட்டைகூட உடையாது. கருவாட்டுச் சட்டியை அம்மா விளக்கிக் கொல்லையில் கவிழ்த்துவிடுவாள். அந்த நாட்களில் வீட்டில் யார் தப்புச் செய்தாலும் அது அப்பாவின் பாதத்தில் போய்த்தான் விடியும் என்பது எங்களுக்குத் தெரியும். யார் சொல்லித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அக்காவுக்குப் பத்தொன்பது வயது. சிரம்பானில் ஒரு கல்லூரியில் சமையல் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா கேட்பவர்களிடமெல்லாம் 'ஹோட்டல் படிப்பு' என்றுதான் சொல்வார். சமையல் கற்றுக்கொள்ளவா பெண்ணைச் சிரம்பானுக்கு அனுப்பினாய் என்று அவரோடு வேலைபார்க்கிற மண்டோர்கள், அதாவது கங்காணிகள், சிரிப்பார்களே. அந்தப் படிப்பின் கடைசிப் பரீட்சைக்கு ஒரு பிரெஞ்சுக் குழம்பு வைக்கவேண்டும். மாட்டிறைச்சியைச் சிவப்பு ஒயினில் இரவெல்லாம் ஊறவைத்து, ஒயினிலேயே மூன்று மணி நேரம் வேகவைக்கிற குழம்பு. அதன் பெயரை அக்கா சொல்லும்போது தொண்டையில் மீன்முள் சிக்கியது போலிருக்கும். முதல் தடவை அவள் அதில் தோற்றுவிட்டாள். பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்ததாம். ஆனால் ருசி பார்க்காமலே தட்டில் ஊற்றிக் கொடுத்ததை ஆசிரியர் கண்டுபிடித்துவிட்டார். வாயில் வைத்துப் பார்க்காதவள் சமைத்ததை நம்பி யார் சாப்பிடுவார்கள் என்று அவர் கேட்டது நியாயம்தான். எங்கள் வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தக் கரண்டியை வாய்வரை கொண்டுபோவது எவ்வளவு பாடு என்பது அவருக்கு எப்படித் தெரியும்.

மறுபரீட்சை செவ்வாய்க்கிழமை. தேறினால் கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல் அவளை எடுத்துக்கொள்ளும், அதற்கடுத்த திங்கட்கிழமையே வேலையில் சேரவேண்டும். தேறாவிட்டால் கல்யாணம். அம்மா அதற்கு ஆளே பார்த்து வைத்திருந்தாள்.

பரீட்சைக்கு முன் ஒரு தடவையாவது செய்து பார்க்கவேண்டும் என்று அக்கா துடித்தாள். லயத்தின் கடைசி வீட்டில் ஒரு கிறிஸ்துவ அத்தை இருந்தார். உறவில் அத்தை இல்லை, லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அத்தை. பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்தால் அவர் வீட்டில் மாட்டுக்கறி மணக்கும். அந்த மணம் வரும்போது அம்மா சன்னலைச் சாத்திக்கொள்வாள், மற்றபடி இருவரும் நல்ல சிநேகிதிகள். அந்த வீட்டில் ஞாயிறன்று கறி வெந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள் என்பது அக்காவின் கணக்கு.

சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கியவள் நேரே அத்தை வீட்டுக்குப் போய், இறைச்சியை ஒயினில் ஊறவைத்து ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். மிச்சமிருந்த அரை பாட்டில் ஒயினைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்திருந்தாள். என்னைப்போல் ஒருத்தி உள்ள வீட்டில் எதையும் பையில் வைத்து மறைக்கக்கூடாது. ஐந்து நிமிஷத்தில் பாட்டில் என் கையில் இருந்தது.

"வாயத் தொறந்தே, செத்தே" என்றாள் அக்கா. பிறகு வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

மறுநாள் இருவரும் பாடப் புத்தகங்களோடு அத்தை வீட்டுக்குப் போனோம். அக்கா எனக்குக் கணக்குச் சொல்லித்தரப் போகிறாள் என்று அம்மாவிடம் ஏற்பாடு. அத்தை வாசலிலேயே பூரிப்போடு நின்றார்.

"கறி என்னாமோ கருப்புத் தண்ணியில ஊறிக் கெடந்துச்சிலா. வாடை வேற. கெட்டுப்போச்சின்னு நெனச்சி, மஞ்சத்தூளும் உப்பும் போட்டு மூணு தண்ணி கழுவி வெச்சிட்டேன். வந்து பாரு, எப்படி இருக்குன்னு."

இறைச்சி மஞ்சள் மஞ்சளேரென்று, கல்யாணத்துக்கு நலங்கு வைத்ததுபோல் இருந்தது. ஒயின் சாக்கடையில் போய்விட்டது. எங்கள் ஆட்களில் யாராயிருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். மஞ்சள் போட்டுக் கழுவாத கறியைச் சட்டியில் போடும் கை எங்கள் பக்கத்தில் இல்லை. அக்கா அத்தையைத் திட்டவும் முடியாமல், "பரவால்லங்க அத்தை" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்ததும் எழுந்து சேலைத் துணி ஒன்றைக் கேட்டு வாங்கினாள். இறைச்சியை மறுபடி கழுவி, ஒவ்வொரு துண்டாக ஒற்றி ஈரம் எடுத்தாள். ஈரம் இருந்தால் எண்ணெயில் சிவக்காதாம். சிவந்தபின் மஞ்சள் கண்ணுக்குத் தெரியவில்லை. கேரட்டும் சின்ன வெங்காயமும் போட்டு, மாவு தூவி, அரை பாட்டில் ஒயினை ஊற்றி, அடுப்பைக் குறைத்து மூடினாள். மூன்று மணி நேரம். சும்மா இருந்தே பழகாதவளை அத்தனை நேரம் சும்மா இரு என்றால் எப்படி. வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க நாலு தடவை ஓடினேன். அம்மா என்ன பாடம் என்று கேட்டாள், வாய்ப்பாடு என்றேன். அப்பா வாசலில் உட்கார்ந்து தோரணத்துக்கு வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார்.

"கால்ல சக்கரமா கட்டியிருக்கு ஒனக்கு?" என்றார்.

கால் என்றதும் எனக்கு அவர் காலைப் பார்க்கமுடியவில்லை. திரும்ப ஓடிவிட்டேன்.

குழம்பு கறுத்துக் கெட்டியாகியிருந்தது. அத்தை முதலில் ருசி பார்த்தார். காய்ச்சல்காரிக்கு வைத்த கஞ்சி மாதிரி இருக்கிறது, மிளகாய்த்தூள் இரண்டு கரண்டி போட்டால் எழும்பி வந்துவிடும் என்றார். அந்த நாக்கை நம்பிப் பயனில்லை. அக்கா கரண்டியை எடுத்தாள். மூன்று தடவை உதட்டருகே கொண்டுபோனாள், மூன்று தடவையும் ஓங்கரித்துக்கொண்டு தலையைத் திருப்பினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவள் கேட்கவில்லை, நானாகத்தான் கரண்டியைப் பிடுங்கி வாயில் வைத்தேன்.

அக்கா கத்தவில்லை. மெதுவாக, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"புளிக்குது. அப்பறம் பச்ச வாழக்காய் கடிச்ச மாதிரி நாக்கு காயுது."

"மஞ்சள் தெரியுதா?"

"கொஞ்சம். அம்மா கை வாசம் மாதிரி."

ஒயின் இன்னும் சுண்டவில்லை என்று சொல்லி, மூடியை எடுத்துவிட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டாள். இரண்டாவது கரண்டியில் புளிப்பு அடங்கி வெங்காயத்தின் இனிப்பு முன்னே வந்திருந்தது. சொன்னேன். எப்போது இனித்தது, எவ்வளவு நேரம் நின்றது என்றெல்லாம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் எழுதிக்கொண்டிருந்தபோது மூன்றாவது கரண்டியை நான் எடுத்தேன். அதை யாரும் கேட்கவில்லை, அதற்குத் தேவையும் இல்லை. நன்றாக இருந்தது, அதனால் எடுத்தேன்.

அந்த மூன்றாவது கரண்டிதான் பிறகு என்னைப் படுத்தி எடுத்தது. முதல் இரண்டும் அக்காவுக்காக, அம்மனுக்குப் புரியும். மூன்றாவதற்கு என்ன சொல்வது. ஒரு நாளைக்கு ஐந்து தடவை பல் விளக்கினேன். அப்பா தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பார்த்தேன். என் காலைச் சுட்டுக்கொள் தாயே என்று வேண்டிக்கொண்டேன், வேண்டிக்கொண்ட கையோடு அடுப்பங்கரைப் பக்கமே போகாமல் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அக்கா போன் செய்தாள். பாஸ். அப்பா லயம் முழுக்கக் கேசரி கொடுத்தார். போனை என்னிடம் கொடுத்தபோது அக்கா ரகசியமாகச் சொன்னாள்: "வாயில வெச்சிட்டேன் பாப்பா. ஒன்னைய நெனச்சிக்கிட்டு முழுங்கிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை தீமிதி. அக்கா முந்தின நாளே வந்துவிட்டாள். அப்பா கரகத்துக்குப் பின்னால் மூன்றாவது ஆளாக இறங்கினார். எப்போதும்போல் நிதானமாக நடந்து, மறுகரையில் பால்குழியில் காலை வைத்து நின்றார். எனக்கு மூச்சு வந்தது. வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்தவர் இடது காலைக் கீழே வைக்கமுடியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பாதத்தின் பாதி கொப்புளம். இத்தனை வருஷத்தில் இது முதல் தடவை. இந்த வருஷம் விறகு சரியில்லை என்றார் ஒருவர். விளக்கேற்ற ஒரு நாள் நேரமாகிவிட்டது, எல்லாம் என்னால்தான் என்று அம்மா கண்ணைத் துடைத்தாள்.

அக்கா அந்தக் காலைப் பார்த்தாள். உள்ளே போய், கட்டிவைத்திருந்த பையிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினாள்.

"நான் கோலாலம்பூருக்குப் போவல."

"ஏன்டி?" என்றாள் அம்மா.

"போவலன்னா போவல. அப்பா காலப் பாத்தீங்கல்ல."

காலையில் எட்டரைக்கு அங்கே இருக்கவேண்டும், இல்லையென்றால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அம்மாவுக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன், மேலே ஒன்றும் கேட்கவில்லை. எனக்கோ அக்காமேல் கோபம் வந்தது. அவள் வாயில் வைத்தது பரீட்சைக்காக. ஆசைப்பட்டுத் தின்றவள் நான். என் பாவத்தை அவள் எடுத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடப் பார்க்கிறாள். அம்மா அத்தை வீட்டுக்கு மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, நான் மாட்டுக்கறி தின்னேன். காப்புக் கட்டுனப்பறம். மூணு கரண்டி."

அழுதுகொண்டே ஒயின், மஞ்சள், அத்தை, நோட்டு என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அப்பா காப்புக் கயிறு இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே கூரையைப் பார்த்தார். கையை ஓங்குவார் என்று காத்திருந்தேன்.

"அக்காவும் வாயில வெச்சாளா?" என்று கேட்டார்.

"பரீட்சையில. வாந்தி வந்துச்சாம், முழுங்கிட்டாளாம்."

"அதுக்குத்தான் போவலங்கிறாளா?"

தலையாட்டினேன்.

அப்பா என் தலையில் கை வைத்து, "எங்கிட்டச் சொன்னதா அக்காகிட்டச் சொல்லாத. போய் மொகத்தக் கழுவு" என்றார்.

விடிகாலையில் எழுந்து பார்த்தபோது அப்பா குளித்து, வெளுத்த சட்டை போட்டு, தோட்டத்துக்குப் போகிற ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றார். அக்காவைக் கூப்பிட்டார்.

"கெளம்பு. ரயிலுக்கு நேரமாவுது."

"அப்பா, காலு?"

"என்னா காலு? சும்மா கொப்புளம்லா. ராவே அமுங்கிப் போச்சி."

அவர் முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து காட்டினார். திரும்பி வந்தார். மறுபடி ஒரு தடவை போய்வந்தார். கொஞ்சமும் நொண்டவில்லை. அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு அந்தப் பூட்ஸையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் துணிகளை அள்ளிப் பையில் திணித்தாள். அப்பா பையைத் தோளில் போட்டுக்கொண்டு மோட்டாரை உதைத்தார். இடது காலால்தான் கியர் மாற்றவேண்டும், அதையும் மாற்றினார். பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா, பனை வரிசை மறைக்கும்வரை எனக்குக் கையாட்டிக்கொண்டே போனாள். வருஷக்கணக்காக வெவ்வேறு ஊர் அடுப்புகளில் நின்று, இன்று ஒரு சமையலறையையே அவள் நடத்துகிறாள்.

அன்று எனக்கு வந்த நிம்மதி சொல்லி முடியாது. உண்மையைச் சொன்னேன், அம்மன் மன்னித்துவிட்டாள், ஒரே ராத்திரியில் புண் ஆறிவிட்டது. இவ்வளவு சுலபமாக முடியக்கூடிய விஷயத்துக்கா ஒரு வாரம் பல்லைத் தேய்த்துத் தேய்த்து ஈறைப் புண்ணாக்கிக்கொண்டோம் என்று இருந்தது. அப்பாவுக்குச் சரியாகிவிட்டது என்று லயத்தில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன். அம்மாவிடமும் சொன்னேன். அவள் 'ம்' என்றாள்.

அந்த மாதம் முழுவதும், அப்பா வேலைவிட்டு வந்ததும் அம்மா அவருடைய இடது பூட்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு கொல்லைக் குழாயடிக்குப் போவாள். அதைக் கவிழ்த்து, உள்ளே கையை விட்டு, தண்ணீர் தெளியும்வரை கழுவுவாள். மழைக்காலம், உள்ளே சேறு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விடுவேன்.