புல்தரையில் ஒரு நீதிபதியின் பெயர்

நாங்கள் குடியேறிய ஊரான ரானுயியில், எங்கள் வீட்டு மரவேலியில் தேர்தல் பலகை அறையலாமா என்று, நகரசபைக்குப் போட்டியிடும் ஒருவர் கதவைத் தட்டிக் கேட்டார். இதற்கெல்லாம் அனுமதி கேட்பார்களா! கணவர் வீட்டில் இல்லை, வேலி பழையது, ஆணி தாங்காது என்று பதறிப்போய் காரணங்களை அடுக்கினேன். அவர் சிரித்தபடி, "இட்ஸ் ஆல் குட்" என்று கையசைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். ஆனாலும் இரண்டு நாள் யன்னல் திரையை விலக்கி விலக்கித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் மதிலை யாரும் கேட்டு எடுத்ததில்லை. விடிய எழும்பினால் சுவரொட்டி இருக்கும். கிழித்தால் ஒரு தரப்புக்குக் கோபம், விட்டுவைத்தால் மற்றத் தரப்புக்கு. அப்பா வாளித் தண்ணீரோடு மதிலடியில் நின்று யோசிப்பார். பிறகு அதைச் செவ்வரத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே வந்துவிடுவார்.

என் தங்கை வசந்தி அமெரிக்காவில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறாள். அவளுடைய மகன் ஓட்டிய கார் மோதி ஒரு முதியவர் இறந்துபோனார். வழக்கு நடக்கிறது. அங்கே நீதிபதியையும் ஊர்ச்சனம் வாக்குப் போட்டுத்தான் தெரிவுசெய்கிறதாம். இங்கே நீதிபதிகளை நியமிக்கிறார்கள். ஒருவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. பலகைக்காரர் வந்துபோன அதே கிழமை வசந்தி அழைத்தாள்.

"அக்கா, மகன்ர வழக்கை விசாரிக்கிற ஜட்ஜ் திரும்ப எலெக்‌ஷன் கேக்கிறார். அவற்ற ஆக்கள் வந்து எங்கட வாசல் புல்லுக்குள்ள பலகை நடட்டோ எண்டு கேக்கினம். என்ன செய்யிறது?"

"விசரி, மறுக்காதை. பிள்ளையின்ர விஷயம் அவற்ற கையிலயெல்லோ கிடக்கு. நட விடு."

யோசிக்காமல் சொன்னேன். பலகையை நட்டார்கள். அந்த நீதிபதி தோற்றுப்போனார். குற்றம் செய்தவர்களுக்கு இரக்கம் காட்டமாட்டேன் என்று தெருத்தெருவாகச் சொல்லி வந்தவர் வென்றார். ஜனவரியில் வசந்தியின் மகனின் வழக்கு அவர் முன்னால் போகிறது. நீதிபதிகள் பலகைகளைப் பார்ப்பதில்லை என்று வழக்கறிஞர் சொல்கிறார். வசந்திக்கு நம்பிக்கையில்லை. வென்றவரின் ஆட்களும் அவளுடைய தெருவில் வீடுவீடாகப் பார்த்து, தாளில் ஏதோ குறித்துக்கொண்டு போனார்களாம்.

இங்கே பிறந்த என் மகள், "சித்தி ஜஸ்ட் நோ சொல்லியிருக்கலாமே, மம்?" என்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இந்த வாசலில் நின்று நோ சொன்னவள் நான்தான். தங்கைக்கு மட்டும் அந்த மதிலடிப் பயத்தை அனுப்பிவைத்திருக்கிறேன்.

இன்று காலை தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது வசந்தி வீடியோவில் வந்தாள். போனைத் திருப்பி வாசலைக் காட்டினாள். பனி மூடிய புல்தரையில் தோற்றவரின் பெயர் இன்னும் நின்றது.

"பிடுங்கினா, தோத்த உடன கழட்டிப்போட்டினம் எண்டுவினம். விட்டா, இன்னும் அந்தாளின்ர ஆக்கள் எண்டுவினம். நீங்கள்தானே அக்கா நடச் சொன்னனீங்கள். இப்ப சொல்லுங்கோ."

ஓர் ஆணிகூட ஏறாத என் வேலியடியில் கோடை வெயிலுக்குள் நின்றேன். கையிலிருந்த குழாயிலிருந்து தண்ணீர் செடியைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, கேக்குதோ?" என்றாள்.