மாந்தளிரின் நிறம்

காலையில் கல்யாணத் தரகர் போன் செய்தார். "அக்கா, மக பயோடேட்டாவுல மாநிறம்னு எழுதிருக்கீங்க. சிவப்புன்னு மாத்திடட்டுமா? மெயின்லேண்டுக்காரங்க அதைத்தான் கேக்குறாங்க."

மாநிறம் என்ற சொல் காதில் விழுந்ததுமே அத்தையின் குரல் வந்துவிட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் தூக்க, எங்கள் தீவின் மின்னி பே குவார்ட்டர்ஸ் வாசலில் குளித்துவிட்டு நின்றேன். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, என் முகத்தில் பவுடரை அப்பினார்.

"இந்தக் கரிக்கட்டையா முன்னால போறது? ஊர் சிரிக்கும்."

"அவ மாநிறம், அண்ணி" என்றாள் அம்மா. கொல்லை மாமரத்தில் ஒரு தளிரைக் கிள்ளி என் கையோடு சேர்த்துப் பிடித்தாள். இரண்டும் ஒரே செம்பழுப்பு. "மாந்தளிர் நிறந்தான் மாநிறம். பேரே அப்படித்தான் வந்துச்சு."

"தளிர் நாலு நாள்ல முத்திடும்டி. கரி கரிதான்." குடத்தைத் தன் மகள் தலையில் தூக்கி வைத்தார் அத்தை. அப்பா அந்தக் குடத்தின் பின்னால் நடந்தார்.

அத்தையை மன்னிக்கத்தான் முருகன் சொல்வான். என்னால் இதுவரை முடியவில்லை.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். மாநிறம்னே இருக்கட்டும். பிடிக்காதவங்க கப்பல் ஏற வேண்டாம்."