பால்சம் பேரு

தொண்ணூற்றெட்டாம் வருடம் செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, காலை ஆறு ஐம்பது. வாணியம்பாடி ஸ்டேஷனில் நானும் என் மனைவி வசந்தாவும் பெங்களூர் ரயிலுக்குக் காத்திருந்தோம். தூரம் நூற்றறுபது கிலோமீட்டர் சொச்சம். டிக்கெட் ஆளுக்கு நாற்பத்திரண்டு ரூபாய். என் தோள்பையில் இரண்டு நாளுக்கான துணி, ஆஸ்பத்திரிச் சீட்டு, அப்புறம் செய்தித்தாளில் சுற்றிய காய்ந்த காசித்தும்பைச் செடி ஒன்று. வசந்தாவின் பையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். அவள் என்னோடு பேசி இருபத்தாறு நாள் ஆகியிருந்தது.

பேசுவதில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற ரகம் இல்லை. சாப்பாடு நேரத்துக்கு வரும். சொல்ல வேண்டியதை என் காதில் விழுகிற மாதிரி வேறு யாரிடமாவது சொல்லிவிடுவாள். பால்காரரிடம் "அரிசி தீர்ந்துபோச்சு" என்றால் நான் போய் அரிசி வாங்கி வர வேண்டும். அன்றைக்குப் பிளாட்பாரத்தில் டீக்காரரிடம், ஒரு டீயில் சர்க்கரை வேண்டாம் என்றாள். சர்க்கரை வேண்டாதவன் நான்.

குற்றம் என்னுடையதுதான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வசந்தா வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். ஒன்றரை வருடமாக அவள் கை இரண்டும் சிவந்து, தோல் வெடித்து, விரல் மடக்கினால் ரத்தம் எட்டிப் பார்க்கிற நிலைமை. கத்தரிக்கோல் பிடிப்பதே பெரும்பாடு. போன மாதம் பெங்களூரில் ஒரு தோல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். முதுகில் வரிசையாகச் சின்னச் சின்னப் பொருட்களை ஒட்டி, மூன்றாம் நாள் பிரித்துப் பார்த்தார்கள். எது சிவந்திருக்கிறதோ அது ஆகாது. டாக்டர் வேறு அவசரத்தில் இருந்ததால் கவுண்டரில் இருந்த நர்சம்மாதான் முடிவைச் சொன்னார். கூட்ட இரைச்சலில் என் காதில் விழுந்தது இதுதான்: "பால்சம் பேரு. அது இவங்களுக்கு ஆகாது. ஒரு மாசம் கழிச்சு வந்து டாக்டரைப் பாருங்க."

ஆகாத பொருளுக்குப் பால்சம் என்று பேரு. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? கையில் கொடுத்த சீட்டில் ஆங்கிலத்தில் 'பால்ஸ். பி.' என்று கிறுக்கியிருந்தது. 'பி' என்றால் பிளான்ட், செடி என்று நானே விரித்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருடமாகப் பூகோள வாத்தியார் வேலை பார்க்கிறேன். கேள்வி கேட்பது பிள்ளைகளின் வேலை, எனக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

எங்கள் வீட்டுப் பின்புறம் நாற்பது காசித்தும்பைச் செடிகள் இருந்தன. ரோஸ், வெள்ளை, ஊதா. முந்தின வருடம் லால்பாகில் வசந்தா வாங்கி வந்த விதை. அந்தக் கவரில் 'பால்சம்' என்று பெரிதாக அச்சடித்திருந்ததை நான் மறக்கவில்லை. தைத்த ரவிக்கைகளைக் கொடுக்க அவள் பஜார் தெருவுக்குப் போயிருந்த நேரத்தில், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அத்தனையையும் வேரோடு பிடுங்கினேன். அவள் வந்து வெறும் மண்ணைப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவே இல்லை. அன்றோடு பேச்சு நின்றது.

செடி போனால் கை ஆறும், கை ஆறினால் கோபமும் ஆறும் என்று கணக்குப் போட்டேன். ஆறவில்லை. எங்கள் பள்ளி விஞ்ஞான ஆசிரியர், பாகற்காய்க்கும் ஆங்கிலத்தில் பால்சம் என்று ஒரு பெயர் உண்டு என்றார். வசந்தாவுக்குப் பாகற்காய் என்றால் உயிர். அதையும் நிறுத்தினேன். கை இன்னும் மோசமாயிற்று. எந்தப் பால்சம் என்று கேட்டுவிட்டு வரத்தான் இந்தப் பயணம்.

பத்து நாற்பதுக்குக் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கினோம். அங்கிருந்து விவேக் நகருக்கு ஆட்டோ, மீட்டர்படி இருபத்தெட்டு ரூபாய். வியாழக்கிழமை என்பதால் குழந்தை இயேசு கோயிலுக்குக் கூட்டமான கூட்டம். மெழுகுவர்த்திக் கடைகளுக்கு நடுவே ஆட்டோ ஊர்ந்தது. "இறங்கி நடந்தா சீக்கிரம் போய்டுவீங்க சார்" என்று டிரைவரே சொல்லி, கோயிலுக்கு நூறு அடி முன்னால் இறக்கிவிட்டார்.

வசந்தாவின் தம்பி முரளி அங்கேதான் குடியிருக்கிறான். ஹெப்பகோடி பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. அன்று சளி பிடித்து லீவில் இருந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் வெந்நீர்ச் சட்டியும், பக்கத்தில் ஒரு பழுப்புப் பாட்டிலும் கண்ணில் பட்டன. பாட்டிலில் 'ஃப்ரையர்ஸ் பால்சம்' என்று எழுதியிருந்தது. நான் வசந்தாவை வாசலிலேயே நிறுத்திவிட்டு, பாட்டிலைத் துண்டால் பிடித்துத் தூக்கினேன்.

"மாமா, அது ஆவி பிடிக்கிற மருந்து" என்றான் முரளி.

வாங்கின கடையை அவனிடம் கேட்டுக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். மருந்துக் கடையம்மாள் பொறுமைசாலி. ஃப்ரையர் என்றால் சாமியார், இது அந்தக் காலத்துச் சாமியார்கள் காய்ச்சின தைலம், உள்ளே இருப்பது சாம்பிராணி என்றார். காசித்தும்பைக்கும் சாம்பிராணிக்கும் என்ன உறவு என்று கேட்டேன். ஒரு உறவும் இல்லையாம். "எங்க கோயில்ல ஞானஸ்நானத்துக்கு நெத்தியில பூசுற எண்ணெய்லகூட பால்சம் கலந்திருக்கு சார். அதுக்கும் இதுக்கும்கூட சம்பந்தமில்ல" என்று மேலும் ஒன்றைச் சேர்த்தார். பூ, காய், சாம்பிராணி, கோயில் எண்ணெய். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பார்த்ததெல்லாம் பால்சமாகிவிட்டது.

திரும்பி வந்து முரளியிடம் ஒப்பித்தேன். வசந்தா உள்ளேயிருந்து தம்பியிடம் பேசினாள். "அவரை இங்கயே உட்காரச் சொல்லு முரளி. விட்டா கோயிலையும் பிடுங்கிட்டு வந்துருவாரு."

மாலை நான்கு மணிக்கு லால்பாக். யோசனை முரளியுடையது. மூவரும் பஸ்ஸில் போனோம். மழை விட்டு மண் வாசனை தூக்கலாக இருந்தது. கண்ணாடி மாளிகையைத் தாண்டி ஒரு பாத்தியில் நம்முடைய காசித்தும்பையே வரிசையாகப் பூத்திருந்தது. வசந்தா அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நான் எச்சரிக்கையாக ஐந்தடி தள்ளியே அவளை நிறுத்தினேன். அவளும் நகரவில்லை, ஆனால் அந்தப் பூக்களை அவள் பார்த்த பார்வையைப் பார்த்துவிட்டு என்னால் அங்கே நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

களை எடுத்துக்கொண்டிருந்த தோட்டக்காரரிடம் என் காய்ந்த செடியைப் பிரித்துக் காட்டினேன். கன்னடம் கலந்த தமிழில் பேசினார். கன்னடத்தில் இதற்குக் கர்ணகுண்டலம் என்று பேராம். கர்ணனின் காதணி. இதே பால்சம் ஜாதியில் தொட்டிப் பூ ஒன்று, மலைக்காட்டில் நூறு தினுசு இருக்கிறது என்றார். "அந்த மரம்கூட பால்சம்தான் சார்" என்று தூரத்தில் ஒரு நெட்டை மரத்தைக் காட்டினார். போய்ப் பார்த்தேன். தகரப் பலகையில் துரு தின்றது போக 'பால்சம்' மட்டும் மிஞ்சியிருந்தது. அண்ணாந்து பார்த்தேன். இடுப்பளவு பூச்செடிக்கும் அறுபதடி மரத்துக்கும் ஒரே பெயர் வைத்தவனை வகுப்பில் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

இந்தப் பூச்செடியால் கை வெடிக்குமா என்று தோட்டக்காரரிடம் திரும்பி வந்து கேட்டேன். அவர் தன் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். மண் ஒட்டிய, காய்ப்பேறிய, ஒரு கீறல் இல்லாத கைகள். "இருபது வருஷமா வெறுங்கையில பிடிக்கிறேன். இதை ஏன் சார் பிடுங்கிட்டீங்க?"

நான் காய்ந்த செடியைத் திரும்பவும் செய்தித்தாளில் சுற்றினேன். முரளி தரையைப் பார்த்தான். தோட்டக்காரர் முற்றின காய்களாகப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு பறித்து, ஒரு காகிதத்தில் மடித்து வசந்தாவிடம் கொடுத்தார். அழுத்தினால் வெடித்துவிடும், பத்திரமாகக் கொண்டுபோகணும் என்றார். வாங்காதே என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். முரளி வேலைக்குப் போய்விட்டான். கவுண்டரில் அதே நர்சம்மா. நான் காய்ந்த செடியை மேஜைமேல் வைத்தேன்.

"எது ஆகாதுன்னு சரியா சொல்லுங்க சிஸ்டர்."

"அன்னைக்கே சொன்னேனே சார். பால்சம் பேரு."

"பேரு தெரியும். எந்தப் பால்சம்?"

"அதான் சார், பேரு."

"அந்தப் பேர்ல ஊர்ப்பட்டது இருக்கு சிஸ்டர். நான் கேக்கறது எது?"

"ஐயோ, பேரு சார், பேரு." அவர் என் சீட்டைப் பிடுங்கி, 'பி'க்குப் பக்கத்தில் மிச்ச மூன்று எழுத்தையும் பெரிய எழுத்தில் எழுதினார். பெரு. தென் அமெரிக்காவில் இருக்கிற பெரு தேசம்.

தலைநகரம் லிமா. மேற்கே பசிபிக் கடல், நடுவே ஆண்டிஸ் மலை. வருடா வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு நான் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டுகிற அதே பெரு. வசந்தா நர்சம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள். "இருபத்திரண்டு வருஷமா பிள்ளைங்களுக்கு அந்த ஊரைப் படம் போட்டுக் காட்டுறாரு சிஸ்டர்."

டாக்டர் ஒரு நடுத்தர வயது அம்மாள். செடியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். பெரு பால்சம் என்பது ஒரு மரத்தின் பிசின். காப்பிக் கொட்டை நிறத்தில் கெட்டியாக இருக்கும், வாசனைக்காகக் களிம்பு, சோப்பு, தைலத்தில் எல்லாம் சேர்ப்பார்கள். காசித்தும்பை வேறு, பாகற்காய் வேறு. அந்த மரமும் பெருவில் விளைவதில்லையாம். வேறு எங்கோ விளைந்து பெருவின் துறைமுகத்தில் கப்பலேறியதால் அந்தப் பெயராம். அந்தப் பெயருக்குள்ளும் ஒரு பொய் இருந்தது. எனக்கு அதற்கு மேல் எதையும் நம்பத் தோன்றவில்லை.

"கையில என்ன போடறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

போன தடவையும் இதே கேள்வியைக் கேட்டார்கள். போன தடவை பதில் சொன்னது நான். தேங்காய் எண்ணெய், சோப்பு, எல்லோரும் போடுவதுதான் என்று வரிசையாக ஒப்பித்திருந்தேன். இந்த முறையும் வாயைத் திறந்தேன். டாக்டர் என்னைப் பார்க்காமல், "நீங்க சொல்லுங்கம்மா" என்றார்.

வசந்தா பையிலிருந்து மஞ்சள் டப்பா ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மூடியில் ரோஜாப் படம் போட்ட களிம்பு. ஒன்றரை வருடத்துக்கு முன்னால், குளிர்காலத்தின் கடைசியில் அவள் கை லேசாகச் சொரசொரத்தபோது, பள்ளிக்கு வந்த ஒரு விற்பனைக்காரரிடம் நான் வாங்கியது. தீரத் தீர வாங்கினேன். பட்டையும் ஐஸ்கிரீமும் சேர்ந்தாற்போல் நல்ல வாசனை. டாக்டர்கள் கண்ட களிம்பையும் பூசாதே என்று திட்டுவார்கள் என்பதால் போன தடவை அதை நான் சொல்லவில்லை.

டாக்டர் முகர்ந்து பார்த்து, டப்பாவின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார். விரலால் ஒரு வார்த்தையைத் தொட்டுக் காட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். இருந்தது.

"தினமும் போடறீங்களா?"

"தினம் காலைல குளிச்சதும் இவர்தான் தடவி விடுவாரு" என்றாள் வசந்தா. "பேச்சு வார்த்தை இல்லாத நாள்லகூட அதை மட்டும் நிறுத்தல."

குறை சொல்கிற குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். இருபத்தாறு நாளும் அவள் என் முன்னால் கையை நீட்டியிருக்கிறாள், நானும் விரல் இடுக்கு விடாமல் அக்கறையாக விஷத்தைத் தடவியிருக்கிறேன். கை மோசமாக ஆக, இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தடவினேன். டாக்டர் என்னென்னவோ எழுதிக் கொடுத்தார். டப்பாவைத் தூக்கிப் போட்டால் ஆறு வாரத்தில் கை ஆறிவிடும் என்றார். அந்தப் பிசினில் இருக்கிற வாசனைச் சத்து அவற்றிலும் உண்டு என்று பட்டை, கிராம்பைக் குறைக்கச் சொன்னார். பாகற்காய் தாராளமாகச் சாப்பிடலாம். வெளியே வந்ததும் வராண்டாக் குப்பைத் தொட்டியில் டப்பாவைப் போட்டேன். மூடி தனியாக உருண்டு ஓடியது. ஓடிப் பிடித்து அதையும் போட்டேன்.

மதியம் இரண்டு நாற்பதுக்குக் கண்டோன்மென்டில் ரயில். ஜன்னலோரம் வசந்தா, பக்கத்தில் நான், எதிரே ஒரு வேர்க்கடலை மூட்டைக்காரர். பங்காருப்பேட்டை வரை நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன். பிடுங்கியதற்குக் கேட்பதா, தடவியதற்குக் கேட்பதா, அவளுக்குப் பதிலாகப் பேசியதற்குக் கேட்பதா என்று தெரியவில்லை. பெங்களூர் எனக்கு ஒரு பெயரின் கீழ் ஆறு ஏழு பொருளைக் காட்டி அனுப்பியிருந்தது. ஊரில் எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே அர்த்தம். அதுவும் நான் சொல்வதுதான் அர்த்தம்.

"தப்பு பண்ணிட்டேன் வசந்தா" என்றேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குப்பம் தாண்டியதும் அவள் மடியிலிருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். காய்கள் வாடிவிட்டனவா என்று பார்க்கத்தான் தொட்டிருப்பாள். முதல் காய் சட்டென்று சுருண்டு வெடித்தது. பதறி அவள் பொட்டலத்தை இறுக்க, மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. பழுப்பு விதைகள் கடுகு தாளிக்கும்போது தெறிப்பதுபோல் நாலாபக்கமும் தெறித்து, சீட்டுக்கு அடியிலும் செருப்புகளுக்கு நடுவிலும் கடலைத் தோலுக்குள்ளும் ஓடி ஒளிந்தன. அவள் குனியப் போனாள். வெடித்த விரல்களால் அந்த அழுக்குத் தரையைத் துழாவ விடுவேனா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் மண்டியிட்டேன். கூட்டம் வேடிக்கை பார்த்தது. ஒரு விதை, இரண்டு விதை என்று உள்ளங்கையில் சேர்த்தேன்.

"ஒண்ணு விடாமப் பொறுக்குங்க" என்று குரல் கேட்டது.

யாரிடம் சொல்கிறாள் என்று நிமிர்ந்து பார்த்தேன். எதிர் சீட்டுக் கடலைக்காரர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். வசந்தா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.